என் கைப்புண்ணுக்குப் பாவம் என்று பெயர் வைத்தார்கள்

ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன். ஆனால் கோபத்தைச் செருப்போடு வாசலில் கழற்றிவிட்டு வந்து சாட்சி சொல்ல எனக்குத் தெரியாது. அந்தக் கோபமும் இந்தச் சாட்சியில் சேர்ந்ததுதான். பிரியமானவர்களே, முகம் சுளிக்காமல் கடைசிவரை கேளுங்கள்.

என் பெயர் லீலாபுஷ்பம். அப்பா நாகர்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். தம்பானூரில் ஒரு ஹோட்டலில் சப்ளையர். அம்மா வீட்டிலிருந்தே தையல் வேலை செய்தாள். நான் பிறந்து வளர்ந்தது எல்லாம் திருவனந்தபுரத்தில்தான். பள்ளிக்கூடத்தில் மலையாளம், வீட்டில் தமிழ், ஜெபத்திலும் தமிழ்.

நான் பிரீடிகிரி படித்துக்கொண்டிருந்தபோது அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. தியேட்டர் வாசலில் நானும் அம்மாவும் பயந்துபோய் நின்றோம். பச்சை உடுப்புப் போட்ட ஒரு அக்கா கதவைத் திறந்து, "ஆபரேஷன் முடிஞ்சாச்சு, அப்பா நல்லா இருக்கார், பேடிக்கண்டா" என்று சொன்னார், பயப்படாதே என்று. அந்த நிமிஷமே எனக்குள் ஒரு ஆசை வந்துவிட்டது. நானும் அந்தக் கதவுக்கு உள்ளே இருக்க வேண்டும்.

தொண்ணூற்றெட்டில் நகரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியோடு சேர்ந்த கல்லூரியில் இடம் கிடைத்தது. ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன், இரண்டு வருஷப் படிப்பு. சேர்வதற்கு முந்தின சனிக்கிழமை எங்கள் சபையின் ஜெபக் கூட்டத்தில் எனக்காக ஜெபித்தார்கள். கூட்டத்தை நடத்துகிற பொன்ராஜ் அண்ணன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "இந்தக் கைகளைக் கர்த்தர் எடுத்து உபயோகிப்பார்" என்று கண்ணீரோடு சொன்னார். எல்லாரும் ஆமென் போட்டார்கள். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வருஷம் சந்தோஷமாகப் போனது. கருவிகளின் பெயர், எதை எப்படிக் கிருமி நீக்குவது, துணிகளை எப்படி மடித்து டிரம்மில் அடுக்குவது, எல்லாம் படித்தேன். டாக்டர் கையை நீட்டும்போது அவர் வாய் திறப்பதற்கு முன்னால் சரியான கருவி அந்தக் கையில் இருக்க வேண்டும். அதுதான் எங்கள் வேலை. வீட்டில் ஸ்பூனையும் கத்தரிக்கோலையும் வைத்து அம்மாவின் கையில் கொடுத்துப் பழகுவேன். அம்மா சிரிப்பாள்.

இரண்டாம் வருஷம் தியேட்டருக்குள் விட்டார்கள். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, கவுன் கட்டி, ரப்பர் கிளவுஸ் மாட்டி, ஆபரேஷன் மேஜைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். அங்கேதான் ஆரம்பித்தது.

முதலில் அரிப்பு. கிளவுஸைக் கழற்றினால் மணிக்கட்டு வரைக்கும் தடித்துச் சிவந்திருக்கும். சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். சோப்பை மாற்றினேன். பிறகு விரல் இடுக்குகளில் கொப்புளம். பிறகு தோல் வெடித்துத் தண்ணீர் வடிந்தது. சோறு பிசைய முடியவில்லை. தலை பின்ன முடியவில்லை. காலையில் பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் கம்பியில் ஈரம் படும். பக்கத்தில் நிற்கிற பெண்கள் தள்ளி நிற்பார்கள்.

தோல் டாக்டரிடம் போனேன். களிம்பு கொடுத்தார். தடவினேன். தேங்காய் எண்ணெய் தடவினேன். ஒன்றும் நிற்கவில்லை.

தியேட்டருக்குப் பொறுப்பு மேரிக்குட்டி சிஸ்டர். அவர் நடந்து வந்தாலே நாங்கள் சுவரோடு ஒட்டிக்கொள்வோம். ஒருநாள் என் கையைத் திருப்பிப் பார்த்தார். "ஈ கையும் கொண்டு என்டெ தியேட்டரில் கேறண்டா" என்றார். இந்தக் கையோடு என் தியேட்டருக்குள் ஏறாதே என்று. அதில் நியாயம் இருந்தது. புண் உள்ள கை நோயாளிக்கு ஆபத்து. ஆனால் அதற்கு மேலே ஒரு வார்த்தை சேர்த்தார்: "விருத்தியில்லாத்த கை." சுத்தமில்லாத கையாம். என்னைவிட அதிக நேரம் அந்தக் கல்லூரியில் யாரும் கை கழுவியிருக்க மாட்டார்கள்.

என்னை வெளி அறையில் துணி மடிக்கப் போட்டார்கள். போதுமான ஆபரேஷன்களில் நின்றிருந்தால்தான் பரீட்சை எழுத விடுவார்கள். கூடப் படித்தவர்கள் ஒவ்வொருவராக முன்னே போனார்கள். நான் துணி மடித்தேன்.

சரி, உலகம் அப்படித்தான் என்று எங்கள் சபைக்குப் போனேன். நம் ஜனங்கள் தாங்குவார்கள் என்று போனேன்.

சனிக்கிழமைக் கூட்டத்தில் பொன்ராஜ் அண்ணன் என்னை நடுவில் உட்கார வைத்தார். என் கைகளைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். ஒரு வருஷத்துக்கு முன்னால் அவர் கண்ணீரோடு பிடித்த அதே கைகள்.

"தங்கச்சி, மறைச்சு வச்சா நோய் போகாது. என்ன செஞ்சன்னு சபைக்கு முன்னால சொல்லிரு."

"நான் ஒண்ணும் செய்யல அண்ணே."

"கர்த்தர் கையில காட்டியிருக்காருன்னா கையால செஞ்ச பாவம் இருக்கும். யோசிச்சுப் பாரு."

யோசித்தேன். சத்தியமாக யோசித்தேன். அதுதான் எனக்கு இன்றைக்கும் கோபம். அந்தப் பத்தொன்பது வயதில், வெடித்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு, சின்ன வயதில் திருடின மாங்காய் வரைக்கும் நான் யோசித்துப் பார்த்தேன்.

அடுத்த வாரத்துக்குள் சபையில் கதை பரவிவிட்டது. கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்தில் நான் ஒரு பையனோடு நின்று பேசினேனாம். பேசினேன். என்னோடு படிக்கிற பையன். கரமனை பஸ் போய்விட்டதா என்று கேட்டான், போய்விட்டது என்றேன். அதற்கு ஒரு காதலைக் கட்டி, அந்தக் காதலுக்கு ஒரு தண்டனையைக் கட்டி, அதை என் கையில் கொண்டுவந்து ஒட்டினார்கள். ரத்தத்தைத் தொடுகிற வேலைக்குப் பெண்பிள்ளையை அனுப்பினால் இப்படித்தான் என்று ஒரு அக்கா அம்மாவின் முகத்துக்கு நேரே சொன்னார்.

இதெல்லாம்கூடத் தாங்கியிருப்பேன். ஒருநாள் மத்தியானம் எனக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்தினாள்.

"மக்ளே, அப்படி ஏதாவது இருந்தா எனக்கிட்ட மட்டும் சொல்லிரு. நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்."

நான் வாயிலிருந்த சோற்றைத் துப்பிவிட்டு எழுந்தேன். என்னைப் பெற்றவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அப்பா மட்டும், "எனக்க மகளை நான் அறிவேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அடுத்த சனிக்கிழமையிலிருந்து அவர் கூட்டத்துக்குப் போகவில்லை.

ஓணத்துக்குக் கல்லூரி விட்டார்கள். வீட்டில் இருந்தபோது புண் ஆறத் தொடங்கியது. லீவு முடிவதற்குள் புதுத்தோல் வந்துவிட்டது. நான் துள்ளினேன். அம்மா அழுதாள். பொன்ராஜ் அண்ணன் கூட்டத்தில் என்னை எழுப்பி நிறுத்தி, "தங்கச்சி உள்ளத்துல அறிக்கை செஞ்சிருக்கா, கர்த்தர் மன்னிச்சுக் குணமாக்கிட்டார்" என்று முழங்கினார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் ஒன்றையும் அறிக்கை செய்யவில்லை. ஆனால் கை குணமாகியிருந்தது, அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மேரிக்குட்டி சிஸ்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கொள்ளாம், கேறிக்கோ" என்றார், நன்றாயிருக்கிறது, ஏறிக்கொள் என்று. மறுபடியும் தியேட்டர். மறுபடியும் கவுன், கிளவுஸ்.

அன்று சாயங்காலமே அரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் காலையில் இரண்டு மணிக்கட்டிலும் தடிப்பு. சிஸ்டரிடம் காட்டினேன். தோல் வெடிக்கவில்லை, இன்றைக்கு ஆள் இல்லை, பித்தப்பை ஆபரேஷனுக்குப் போய் நில் என்று சொல்லிவிட்டார். நான் உடுப்பு மாற்றுகிற அறைக்குப் போனேன். வேறு யாரும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்தேன். முழங்காலில் நிற்கவில்லை, கண்ணை மூடவில்லை. சுவரைப் பார்த்துப் பேசினேன்.

"என் கை உமக்கு வேண்டாம்னா முதல்லயே சொல்லியிருக்கலாம். இவ்வளவு தூரம் கொண்டுவந்து நடுரோட்டுல விட்டுட்டீரே. குணமாக்கும்னு இனிமே கேட்கமாட்டேன். கேட்டுக் கேட்டு வாய் வலிக்குது. எனக்குப் பதில்தான் வேணும். இது பாவமா, நோயா? பாவம்னா எந்தப் பாவம்னு என் முகத்தைப் பார்த்துச் சொல்லும். நோய்னா அதுக்குப் பேர் சொல்லும். பதில் வராம நான் உம்மோட இனிப் பேசப்போறதில்ல."

ஆமென் சொல்லவில்லை. எழுந்து போய்க் கை கழுவினேன்.

ஆபரேஷன் தொடங்கியது. வயிறு திறந்திருந்தது. நான் கிளாம்பை எடுத்து நீட்டினேன். கிளவுஸுக்குள் கை எரிந்தது. அது பழகின எரிச்சல்தான். ஆனால் அன்றைக்கு எரிச்சல் கையோடு நிற்கவில்லை. கழுத்து அரித்தது. மாஸ்க்குக்குள் உதடு கனத்தது. மூச்சை இழுத்தேன், பாதிதான் உள்ளே போனது. யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். நாக்கு புரளவில்லை. கையிலிருந்த கருவி தரையில் விழுந்து சத்தம் கேட்டது. சர்ஜன், "எந்தா இது?" என்று கத்தினார். அவர் குரல் ரொம்ப தூரத்திலிருந்து வந்தது. ஆண்டவரே, இதுதானா உம்முடைய பதில் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு தரைதான் தெரிந்தது.

நோயாளியின் தலைமாட்டில் மயக்க மருந்து டாக்டர் ரமாதேவி இருந்தார். கோட்டைக்குள்ளே கோயிலை ஒட்டின அக்ரஹாரத்தில் வீடு. நெற்றியில் விபூதி இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. தன் உதவியாளரை நோயாளியிடம் நிறுத்திவிட்டு என்னிடம் ஓடி வந்தவர் அவர்தான்.

"கிளவுஸைக் கழட்டுங்கோ அவளுக்கு! முதல்ல அதைக் கழட்டுங்கோ!"

அந்தக் குரல் எனக்குக் கேட்டது. தொடையில் ஊசி இறங்கியதும் தெரிந்தது. முகத்தில் ஆக்சிஜன் வைத்தார்கள். வேறொரு அக்கா கை கழுவி என் இடத்துக்கு வந்து நின்றார். அந்த நோயாளிக்கு ஒரு குறையும் இல்லாமல் ஆபரேஷன் முடிந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

யோசித்துப் பாருங்கள். அந்த மூச்சடைப்பு பஸ்ஸில் வந்திருந்தால் நான் இல்லை. வீட்டில் வந்திருந்தால் இல்லை. ஜெபக் கூட்டத்தில் வந்திருந்தால், பிசாசு பிடித்திருக்கிறது என்று சுற்றி நின்று பாடியிருப்பார்கள், நான் நடுவில் செத்திருப்பேன். நாலடி தூரத்தில் மருந்தும் ஊசியும் கையிலே இருக்கிற ஒரு டாக்டரின் கண்முன்னால் என்னை விழ வைத்தது யார்?

கண் விழித்தபோது டாக்டர் ரமாதேவி கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"ஏண்டி குழந்தே, பலூன் ஊதினா உதடு தடிக்குமோ நோக்கு?"

எனக்கு ஆச்சரியம். "ஆமா டாக்டர். கிறிஸ்மஸுக்குப் பலூன் ஊதினா ரெண்டு நாளைக்கு வாய் வீங்கியிருக்கும். அதனால என்னை ஊத விடமாட்டாங்க."

"ஏத்தப்பழம் தின்னா?"

"வாய் அரிக்கும். நான் தின்கிறதில்ல."

அவர் தலையை ஆட்டினார். "ரப்பர் அலர்ஜிடி நோக்கு. பலூனும் ரப்பர்தான்; அது ஆகாதவா சில பேருக்கு ஏத்தன் மாதிரி வாழைப்பழமும் ஆகாது. கிளவுஸ் பண்ற ரப்பர் உன் உடம்புக்கு ஆகலை. அதுக்குள்ள இருக்கற பவுடர் பறந்து மூச்சுக்குள்ளயும் போறது. லீவுல ஏன் ஆறித்து? லீவுல நீ கிளவுஸ் போடலை. நீ ஒண்ணும் தப்புப் பண்ணலை, கேட்டயா? ஒண்ணுமே பண்ணலை."

நான் அழுதேன். ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதேன். வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அவருக்கு எப்படிச் சொல்வேன்? அன்றைக்குக் காலையில் நான் ஆண்டவரிடம் குணம் கேட்கவில்லை, பெயர் கேட்டேன். பாவமா நோயா என்று கேட்டேன். மத்தியானத்துக்குள் பெயர் வந்துவிட்டது. நான் எதையும் செய்யவில்லை என்ற வார்த்தையும் வந்துவிட்டது. விபூதி பூசின ஒரு வாயிலிருந்து வந்தது. அந்தக் கூட்டத்தில் ஆமென் போட்ட ஒரு வாயும் எனக்கு அதைச் சொல்லவில்லை.

இத்தோடு கஷ்டம் தீரவில்லை. ரப்பர் ஆகாதவள் தியேட்டரில் எப்படி இருப்பாள்? படிப்பை நிறுத்திக்கொள் என்று கல்லூரி சொல்லிவிட்டது. தேசம் முழுக்க ரப்பர் மரம் நிற்கிறது, எந்தத் தியேட்டருக்குப் போனாலும் ரப்பர் கிளவுஸ்தான். மறுபடியும் எனக்குக் கோபம். "பெயரைச் சொல்லிட்டீர், வழியைச் சொல்லலையே" என்று மறுபடியும் சண்டைக்குப் போனேன். இந்தத் தடவை அவரோடு பேசமாட்டேன் என்று சொல்லவில்லை. தினமும் பேசினேன். தினமும் சண்டை.

டாக்டர் ரமாதேவி விடவில்லை. கண் தியேட்டரில் பேசினார். கண் ஆபரேஷனில் பவுடர் கண்ணுக்குள் விழக்கூடாது. அதனால் அங்கே கிளவுஸ் மாட்டினதும் மருந்துத் தண்ணீரில் பவுடரைக் கழுவிவிடுவார்கள். சின்ன அறை, கொஞ்சம் ஆட்கள். காற்றில் பவுடர் பறக்காது. மிச்சம் என் கைதான். ரப்பர் கலக்காத கிளவுஸ் அப்போது இங்கே கிடைக்கவில்லை. மஸ்கட்டில் இருந்த தன் சிநேகிதியிடம் சொல்லி ஒரு பெட்டி வரவழைத்தார். ஊசியும் மருந்தும் தயாராக வைத்துக்கொண்டு, ஒரு துண்டை வெட்டி என் கையில் ஒட்டிப் பார்த்தார். பிறகு முழுக் கிளவுஸையும் மாட்டி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு தடிப்பும் வரவில்லை.

கண் தியேட்டரில் நின்றேன். அங்கே ஊசி நம் கண்ணிமை முடி அளவுக்குத்தான் இருக்கும். டாக்டர் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கவே மாட்டார், கையை மட்டும் நீட்டுவார். கை நடுங்காமல் வைத்துக் கொடுக்க வேண்டும். தேவையான ஆபரேஷன்கள் முடிந்தன. பரீட்சை எழுதினேன். பாஸானேன். அதே இடத்தில் வேலையும் கிடைத்தது.

மேரிக்குட்டி சிஸ்டர் ஒருநாள் நடைபாதையில் என்னை நிறுத்தினார். என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "ஞான் அறிஞ்ஞில்ல மோளே" என்றார். எனக்குத் தெரியாமல் போச்சு மகளே என்று. அந்த வாயால் அவ்வளவு சொன்னதே பெரிது. அன்றைக்கே அவர்மேல் இருந்த கோபம் போய்விட்டது.

பொன்ராஜ் அண்ணன் இன்றைக்கு வரைக்கும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

பாஸான சந்தோஷத்தைச் சாட்சியாகச் சொல்லச் சொன்னார்கள். போனேன். "பாவத்தை விட்டா கர்த்தர் எப்படி உயர்த்துறார்னு தங்கச்சி சொல்லும்" என்று அவர் அறிமுகம் செய்தார். நான் எழுந்தேன்.

"அண்ணே, என் கை குணமாகல. ரப்பர் பட்டா இன்னைக்கும் நான் சாவேன். நான் அறிக்கை செஞ்ச பாவமும் ஒண்ணுமில்ல. பிறவியிலேயே என் உடம்பு அப்படி. நீங்க சபைக்கு முன்னால என் கையைத் தூக்கிக் காட்டினீங்க. இப்போ அதே சபைக்கு முன்னால, நீங்க அன்னைக்குச் சொன்னது தப்புன்னு சொல்லுங்க."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பொன்ராஜ் அண்ணன் புன்னகைத்தார். "இப்போ ஒரு பாட்டுப் பாடலாம்" என்றார். கஞ்சிரா தொடங்கியது. நான் பேசிக்கொண்டே இருந்தேன், பாட்டு அதற்கு மேலே ஏறியது. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். சபையை விட்டேன். ஆண்டவரை விடவில்லை. பிறகு அப்பாவோடு சேர்ந்து இந்தச் சபைக்கு வந்தேன்.

அம்மாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் அம்மாவுக்குக் கண்ணில் புரை. எங்கள் தியேட்டரில்தான் ஆபரேஷன். கருவி எடுத்துக் கொடுத்தது நான்தான். மறுநாள் கட்டைப் பிரித்தபோது அம்மா டாக்டரைப் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்துக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், ஒவ்வொரு விரலாகப் பார்த்தாள்.

"மக்ளே, அன்னைக்கு நான் கேட்டதை மறந்திரு."

"மறக்கமாட்டேன்மா" என்றேன். "ஆனா நாளைக்கும் சொட்டு மருந்து விட நான்தான் வருவேன்."

அவள் சிரித்தாள், அழுதாள், கண்ணைக் கசக்கப் போனாள். நான் கையைத் தட்டிவிட்டேன்.

பிரியமானவர்களே, நோயோடு ஒருவர் உங்கள் நடுவில் வந்து உட்கார்ந்தால் பாவத்தைத் தேடாதீர்கள். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லுங்கள். டாக்டரிடம் கூட்டிப்போங்கள். சோறு ஊட்டுங்கள். சந்தேகத்தோடு ஊட்டாதீர்கள்.

அந்த நடுவில் உட்கார்ந்திருக்கிறவர் நீங்களாக இருந்தால், உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஆண்டவரிடம் போங்கள். அழகான வார்த்தை தேட வேண்டாம். கோபம் இருந்தால் கோபத்தோடு போங்கள். முழங்கால் மடங்காவிட்டால் பெஞ்சில் உட்கார்ந்தே கேளுங்கள். ஆமென் சொல்ல மனசு வராவிட்டால் சொல்லாமல் எழுந்து வாருங்கள். என்னை அவர் மரியாதை தெரியாதவள் என்று தள்ளவில்லை. நான் கேட்ட கேள்விக்கு, நான் கேட்ட அன்றைக்கே, பதில் சொன்னார். அவருக்கு என் ஸ்தோத்திரம். கோபத்தோடுகூட.